பாட்காஸ்ட் தொகுப்புத் தளத்தைச் சீரமைக்கப் போகிறீர்களா? இந்த வரிசையில் செய்யுங்கள்

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "நெய்தல் நிலத்தைப் பற்றி ஓர் அம்மா பேசியிருந்தார்கள் தம்பி. உமணர்கள் உப்பு வண்டியில் மாற்று அச்சாகச் சேம அச்சு கட்டிக்கொண்டு போவார்கள் என்று அழகாகச் சொல்லியிருப்பார்கள். உங்கள் தளத்தில்தான் கேட்டேன். இப்போது எங்கே தேடியும் கிடைக்கவில்லை."

அந்தத் தளத்தைக் கட்டியவன் நான். எனக்கே அதைக் கண்டுபிடிக்கப் பதினொரு நிமிடம் ஆயிற்று. தலைப்பு "தொடர் உரை - பகுதி 37" என்று இருந்தது. விவரக் குறிப்பில் பேசியவரின் பெயரும் தேதியும் மட்டும். நெய்தலும் இல்லை, உமணரும் இல்லை, அச்சும் இல்லை.

எங்கள் வாசிப்பு வட்டம் ஒன்பது ஆண்டுகளாகச் சேர்த்த 412 எபிசோட்கள், ஏழு தொடர்கள். அவற்றைச் சீரமைக்க நான்கு மாதங்கள் ஆயின. வரிசை தெரிந்திருந்தால் இரண்டு மாதங்களில் முடித்திருக்கலாம். வண்ணத்தையும் வடிவமைப்பையும் முதலில் மாற்றத் தொடங்கியதுதான் நான் செய்த பெரிய பிழை. உங்களிடம் ஐம்பது எபிசோட் இருந்தாலும் ஐந்நூறு இருந்தாலும், பணம் குறைவு, ஆட்கள் குறைவு, மாலை நேரம் மட்டும்தான் உண்டு என்றால், கீழே உள்ள வரிசையைப் பின்பற்றுங்கள்.

1. முதலில் ஆவணங்களைச் சேருங்கள்

தளத்தில் கை வைப்பதற்கு முன் ஒரு கோப்புறையில் இவை இருக்கின்றனவா என்று பாருங்கள்.

டொமைன் (தளத்தின் இணையப் பெயர்) யார் பெயரில், எந்த மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது, எப்போது காலாவதியாகிறது. ஹோஸ்டிங் (தளம் குடியிருக்கும் சர்வர்) கணக்கின் நுழைவு விவரம். ஆப்பிள் பாட்காஸ்ட், ஸ்பாட்டிஃபை ஆகியவற்றில் நிகழ்ச்சியைப் பதிவுசெய்த கணக்குகள். எபிசோட் பட்டியலைச் செயலிகளுக்குக் கொடுக்கும் கோப்பான ஆர்எஸ்எஸ் ஓடையின் முகவரியும், அந்த ஓடைக்குள் எழுதப்பட்டிருக்கும் மின்னஞ்சலும். எல்லா ஒலிக்கோப்புகளின் அசல் நகல், உங்கள் கையில் உள்ள ஒரு ஹார்டு டிஸ்கில்.

எங்கள் டொமைன், வெளிநாடு போய்விட்ட ஒரு நண்பரின் பெயரில் இருந்தது. சரிபார்ப்பு எண் அவர் எப்போதோ விட்டுவிட்ட கைபேசிக்குப் போனது. அதைத் திரும்பப் பெற மூன்று வாரங்கள் ஆயின. வேலையைத் தொடங்கிவிட்டு நடுவில் இப்படி நின்றால் தளம் பாதி உடைந்த நிலையில் கிடக்கும். ஓடைக்குள் இருக்கும் மின்னஞ்சலையும் அலட்சியம் செய்யாதீர்கள். நிகழ்ச்சி உங்களுடையதுதான் என்று உறுதிசெய்யும் குறியீட்டு எண் அந்த முகவரிக்கே வரும். அது செத்துப்போன முகவரியாக இருந்தால், முதல் வேலையாக அதை மாற்றுங்கள்.

அடுத்தது ஒப்புதல் கடிதங்கள். பேசியவரிடம் ஒரு பக்கக் கடிதம் போதும்: பேச்சின் பெயர், பதிவான நாள், ஒலியாக வெளியிடச் சம்மதம், எழுத்து வடிவில் வெளியிடச் சம்மதம், பின்னர் நீக்கக் கேட்டால் யாரைத் தொடர்புகொள்வது. ஒலிக்கும் எழுத்துக்கும் தனித்தனியாகச் சம்மதம் வாங்குங்கள். நாங்கள் ஒலிக்கு மட்டும் வாங்கியிருந்தோம். எழுத்து வடிவம் போட முடிவுசெய்தபோது எல்லோரிடமும் இரண்டாம் முறை போய் நிற்க வேண்டியதாயிற்று.

பிறருடைய பாட்காஸ்ட்களையும் உங்கள் தளத்தில் தொகுக்கிறீர்கள் என்றால் அவர்களின் ஒலிக்கோப்பை இறக்கி உங்கள் சர்வரில் ஏற்றாதீர்கள். அவர்களுடைய ஓடையில் உள்ள கோப்பின் முகவரியையே பிளேயருக்குக் கொடுங்கள். அப்போதுதான் எத்தனை பேர் கேட்டார்கள் என்ற கணக்கு உழைத்தவருக்குப் போய்ச் சேரும். அவர் பிழை திருத்தி ஏற்றினால் உங்கள் தளத்திலும் திருந்திய கோப்பே ஒலிக்கும்.

2. ஐந்து பேரை அருகில் உட்கார வைத்துப் பாருங்கள்

இதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையும் ஐந்து தேநீரும் போதும். தளத்தை அறியாத இருவர், அவ்வப்போது கேட்கும் இருவர், அறுபது வயதைக் கடந்த ஒருவர். அவரவர் கைபேசியிலேயே தளத்தைத் திறக்கச் சொல்லுங்கள். உங்கள் மடிக்கணினியைக் கொடுக்காதீர்கள். பிறகு மூன்று வேலைகள் கொடுங்கள்: முன்பு கேட்ட ஒன்றைத் தேடி எடுங்கள், பிடித்த பொருளில் புதிதாக ஒன்றைக் கண்டுபிடியுங்கள், பாதியில் நிறுத்தியதைத் தொடர்ந்து கேளுங்கள்.

நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. "அங்கே மேலே பாருங்கள்" என்று ஒரு சொல் சொன்னாலும் சோதனை வீண். அவர் விரல் எங்கே போகிறது, எங்கே தயங்குகிறது, எப்போது திரும்பி உங்கள் முகத்தைப் பார்க்கிறார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் மெனு தொடரின் பெயர், பருவம், பகுதி எண் என்று அடுக்கப்பட்டிருந்தது. நாங்கள் சேர்த்துவைத்த முறை அது. உட்கார்ந்த ஐவரில் ஒருவருக்குக்கூடத் தொடரின் பெயர் நினைவில் இல்லை. பேசியவர் யார், எதைப் பற்றி, அதில் வந்த ஒரு கதை, ஒரு சொல், ஒரு ஊர்ப்பெயர்: இவைதான் அவர்களிடம் இருந்தன. ஆசிரியருக்குச் சேம அச்சு நினைவில் இருந்தது போல. கேட்டவரின் நினைவில் எது தங்குகிறதோ அதன் வழியாகத்தான் தளத்துக்குள் கதவு திறக்க வேண்டும். இனி வரும் எல்லாப் படிகளும் இந்த ஒன்றுக்காகத்தான்.

3. எக்செல் தாள்: உண்மையான வேலை இங்கேதான்

தளத்தைத் திறக்காதீர்கள். ஒரு தாளைத் திறந்து எபிசோடுக்கு ஒரு வரி என்று எழுதுங்கள். எங்கள் தாளின் பத்திகள் (நெடுவரிசைகள்): நிலையான அடையாள எண், தொடர், தொடருக்குள் வரிசை எண், பழைய தலைப்பு, புதிய தலைப்பு, பேசியவர், பொருள், பதிவான தேதி, நீளம், மூன்று வரிச் சுருக்கம், நினைவுச் சொற்கள், ஆங்கில எழுத்தில் தேடக்கூடிய சொற்கள், கோப்பின் முகவரி, ஒப்புதல் உண்டா இல்லையா.

"நினைவுச் சொற்கள்" என்ற பத்தியைத் தவிர்த்துவிடாதீர்கள். பேச்சில் வரும் கதை, மனிதர், ஊர், பாடல் வரி என்று ஐந்தாறு சொற்கள். 37ஆம் பகுதிக்கு இப்போது "நெய்தல், உமணர், உப்பு வண்டி, சேம அச்சு, புறநானூறு" என்று இருக்கிறது.

ஓர் எபிசோடுக்குச் சராசரியாக ஆறு நிமிடங்கள் பிடித்தன. 412 எபிசோடுக்கு 41 மணி நேரம். இரண்டு பேர் மாலைகளில் உட்கார்ந்து ஐந்து வாரங்களில் முடித்தோம். முழுவதையும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். ஒன்றரை மடங்கு வேகத்தில் முதல் சில நிமிடங்கள், நடுவில் ஓரிடம், முடிவு. பேச்சாளரையோ அன்று அரங்கில் இருந்தவரையோ கேட்டால் இன்னும் விரைவாக முடியும்.

இந்தக் கட்டத்தில் நான் விழுந்த குழிகளைச் சொல்கிறேன். இவை பெரும்பாலும் தமிழ்த் தளங்களுக்கு உரியவை. ஆங்கில வழிகாட்டிகளில் தேடினால் அதிகம் கிடைக்காது.

ஔகாரக் குழி. "கௌரி" என்பதைப் பலர் கொம்பு போட்டு, ககரம் எழுதி, அடுத்து ளகரத்தைத் தட்டி "கெளரி" என்று உள்ளிடுகிறார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். கணினிக்கு அவை வெவ்வேறு சொற்கள். "ஔவையார்" என்பதும் "ஒளவையார்" என்பதும் அப்படியே. எங்கள் தாளில் ஔவையார் பதினான்கு இடங்களில் இருந்தார். அவற்றில் ஒன்பது ளகரத்தோடு. சரியாகத் தட்டித் தேடியவருக்கு ஐந்துதான் கிடைத்தன. தாள் முழுவதும் கண்டுபிடித்து மாற்றும் வசதியால் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள்.

ஒகரக் குழி. "கொ" என்ற எழுத்தில் கொம்பும் காலும் சேர்ந்த குறி, கணினி எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் முறையான யூனிகோடில் ஒற்றைக் குறியாகவும் வரலாம், இரண்டு தனிக் குறிகளாகவும் வரலாம். இதைக் கையால் திருத்த முடியாது. யூனிகோடு சீராக்கத்தில் என்எஃப்சி என்றொரு முறை உண்டு. தாளின் எல்லா வரிகளையும் அதன் வழியாக ஒருமுறை ஓட்டுங்கள். தேடல் பெட்டியில் தட்டப்படும் சொல்லையும் அதே முறையில் மாற்றிவிட்டுத் தேட வேண்டும். நிரல் எழுதத் தெரிந்தவருக்கு இரண்டு வரி வேலை.

பெயர்க் குழி. சுப்பிரமணியன், சுப்ரமணியன், சுப்பிரமணியம். ஒரே மனிதர் மூன்று பேச்சாளர்களாகத் தளத்தில் உட்கார்ந்திருப்பார். பேச்சாளர்களுக்குத் தனித் தாள் ஒன்று போட்டு, அவரே எழுதும் வடிவத்தை முதன்மையாக வையுங்கள். மற்ற வடிவங்களைத் தேடலுக்கு மட்டும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

சேமிப்புக் குழி. எக்செலில் சிஎஸ்வி என்ற எளிய அட்டவணைக் கோப்பாகச் சேமிக்கும்போது "யுடிஎஃப்-8" என்று சேர்த்து எழுதியிருக்கும் வகையைத் தேர்ந்தெடுங்கள். சாதாரண சிஎஸ்வியைத் தேர்ந்தெடுத்தால் தமிழ் எழுத்துகள் எல்லாம் கேள்விக்குறிகளாகிவிடும். மூன்று மாலைகளின் உழைப்பு எனக்கு அப்படிப் போயிற்று. ஒவ்வொரு நாளும் தேதி போட்டு ஒரு நகல் எடுத்துவையுங்கள். தேதிப் பத்தியில் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதுங்கள். 03-04 என்றால் மார்ச்சா ஏப்ரலா என்ற குழப்பம் வராது, வரிசைப்படுத்தவும் எளிது.

4. தலைப்புகளைத் திருத்துங்கள்

கைபேசிச் செயலிகளில் தலைப்பின் முதல் சில சொற்கள்தான் தெரியும். அந்த இடத்தைத் தொடரின் பெயருக்கும் எண்ணுக்கும் கொடுத்துவிட்டால் எல்லா எபிசோடும் ஒன்றுபோலத் தெரியும். பொருளை முன்னே கொண்டுவாருங்கள். "தொடர் உரை - பகுதி 37" என்பது "உப்பு விற்ற உமணர்கள்: நெய்தல் நிலத்து வாழ்க்கை" ஆயிற்று. தொடரும் பகுதி எண்ணும் அவற்றுக்கு உரிய இடங்களில் இருக்கட்டும். ஓடையில் பருவ எண்ணுக்கும் எபிசோட் எண்ணுக்கும் தனிக் குறிகள் உண்டு. செயலிகள் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும்.

பேச்சாளர் சூட்டிய தலைப்பு இருந்தால் அவரைக் கேட்காமல் மாற்றாதீர்கள். சிலருக்கு அது மனத்தாங்கலாகிவிடும், அதில் நியாயமும் உண்டு.

5. மெனுவில் நான்கு கதவுகள் போதும்

பேச்சாளர், பொருள், தொடர், புதியவை. கூடவே எல்லாப் பக்கங்களிலும் மேலே ஒரு தேடல் பெட்டி. "எங்களைப் பற்றி", "தொடர்புக்கு", "நன்கொடை" எல்லாம் பக்கத்தின் அடியில் இருக்கட்டும்.

பொருள் பட்டியலில் நாங்கள் முதலில் 61 குறிச்சொற்கள் வைத்திருந்தோம். "சங்க இலக்கியம்", "சங்கப் பாடல்", "எட்டுத்தொகை" எல்லாம் தனித்தனி. அவற்றில் இருபதுக்கு மேற்பட்டவற்றில் ஒரே ஒரு எபிசோட்தான் இருந்தது. ஒரு பொருளின் கீழ் எட்டு எபிசோடுக்குக் குறைந்தால் அது பொருள் அல்ல, நினைவுச் சொல் என்று விதி வைத்தோம். பதினான்காகச் சுருங்கிவிட்டது. "பொது" என்றும் "மற்றவை" என்றும் ஒன்றைத் திறக்காதீர்கள். சோம்பலான நாளில் எல்லாம் அங்கே போய் விழும், அங்கிருந்து யாரும் எதையும் எடுக்க மாட்டார்கள்.

பேச்சாளர் பட்டியலை அகரவரிசையில் அடுக்கும்போது கவனம் தேவை. கணினியை அதன் போக்கில் விட்டால் யூனிகோடு எண் வரிசையில் அடுக்கும். அதில் நகரத்துக்கு அடுத்து னகரம் வரும், ரகரத்தை ஒட்டி றகரம் வரும், ழகரமும் ளகரமும் வகரத்துக்கு முன்னே போய்விடும். தமிழ் படித்தவருக்கு அது அகராதியின் பக்கங்கள் கலைந்தது போல இருக்கும். உலாவியில் ஓடும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டில் தமிழ் மொழியைக் குறிப்பிட்டு ஒப்பிடும் வசதி இருக்கிறது. அதைப் பயன்படுத்தச் சொல்லுங்கள்.

தொடர்ப் பக்கத்தில் வரிசை முக்கியம். கதைபோல ஒன்றிலிருந்து தொடர்ந்து செல்லும் தொடருக்கு முதல் எபிசோட் மேலே இருக்க வேண்டும். தனித்தனி உரைகளுக்குப் புதியது மேலே. ஓடையிலும் இந்த இரண்டு வகையைக் குறிக்க வழி உண்டு. அதையும் நிரப்புங்கள். இல்லையென்றால் புதிதாக வருபவர் இருபதாம் அத்தியாயத்திலிருந்து கதை கேட்கத் தொடங்குவார்.

6. எபிசோட் பக்கம்

வாட்ஸ்அப் இணைப்பு வழியாக வருபவர் முகப்பைப் பார்ப்பதே இல்லை, நேராக இங்கேதான் இறங்குகிறார். ஆகவே இந்த ஒரு பக்கமே அவருக்கு முழுத் தளம். தலைப்பு, பேசியவர், தேதி, நீளம், பெரிய பிளேயர், சுருக்கம், நேரக் குறிப்புகள், எழுத்து வடிவம், அதே பேச்சாளரின் வேறு மூன்று உரைகள், அதே பொருளில் வேறு மூன்று. இந்த வரிசையை மாற்ற வேண்டியதில்லை.

பக்கத்தின் முகவரியைத் தமிழில் வைக்க ஆசை வரும். எனக்கும் வந்தது. தளம் கட்டும் மென்பொருளான வேர்டுபிரஸ் அதைச் சேமிக்கும் இடத்தில் 200 குறிகளுக்குத்தான் இடம். ஒரு தமிழ்க் குறி அங்கே சதவீதக் குறிகளும் எண்களுமாக ஒன்பது இடத்தை அடைத்துக்கொள்கிறது. புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனிக் கணக்கு. "நெய்தல்" என்ற சொல் ஒன்றே ஏழு குறிகள். ஆக 22 குறிகளில் முகவரி வெட்டுப்பட்டுவிடும். ஒரே சொற்களில் தொடங்கும் தலைப்புகள் எல்லாம் கடைசியில் ஒரு எண்ணால் மட்டும் வேறுபட்ட முகவரிகளாகும். வாட்ஸ்அப்பில் ஒட்டினால் நான்கைந்து வரிக்குப் புரியாத குறிகள் நீளும். பலர் ஏதோ மோசடி இணைப்பு என்று பயந்து அழித்துவிட்டதாகச் சொன்னார்கள். முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில் சுருக்கமாக வையுங்கள். பழைய முகவரிகளிலிருந்து புதியவற்றுக்கு 301 என்னும் நிரந்தரத் திருப்பிவிடலைப் போடுங்கள்.

பிளேயருக்கு உலாவியில் உள்ள சாதாரண ஒலிப்பானே போதும். அலங்காரமான பிளேயர்கள் பழைய கைபேசிகளில் திணறுகின்றன. கவனிக்க வேண்டியவை நான்கு. பக்கம் திறந்ததும் கோப்பு தானாக இறங்கத் தொடங்கக் கூடாது. கோப்பை முன்கூட்டியே இறக்கும் (preload) அமைப்பை "வேண்டாம்" (none) என்று வையுங்கள், கேட்பவரின் டேட்டா மிஞ்சும். சர்வர், கோப்பின் ஒரு பகுதியை மட்டும் கேட்டால் கொடுக்கக்கூடியதாக இருக்க வேண்டும். இல்லையேல் நடுவில் தாவிக் கேட்க முடியாது, ஐபோனில் ஒலிக்காமலே போகலாம். பதினைந்து நொடி பின்னே, முப்பது நொடி முன்னே செல்லப் பொத்தான்கள் வேண்டும். விட்ட இடத்தை உலாவியே நினைவில் வைத்துக்கொள்ளும்படி செய்யலாம், அதற்குப் பயனர் கணக்கெல்லாம் தேவையில்லை.

நேரக் குறிப்புகளைத் தொட்டால் அந்த இடத்திலிருந்து ஒலிக்க வேண்டும். "00:18:20 சேம அச்சு ஏன் கட்டினார்கள்" என்று ஒரு வரி இருந்தால், ஒரு மணி நேரப் பேச்சில் அந்த இரண்டு நிமிடத்தைத் தேடி வந்தவருக்கு அதுவே போதும். சீரமைத்ததில் அதிகம் பாராட்டு வந்தது இதற்குத்தான்.

எழுத்து வடிவத்துக்கு விஸ்பர் போன்ற இலவசக் கருவிகள் தமிழையும் எழுதித் தருகின்றன. ஆனால் பழம்பாடல் வரிகளையும் ஊர்ப்பெயர்களையும் சிதைத்துவிடும். திருத்தாமல் வெளியிடாதீர்கள். ஒரு மணி நேரப் பேச்சைத் திருத்த எங்களுக்கு நான்கு மணி நேரம் பிடிக்கிறது. அதனால் அதிகம் கேட்கப்படும் இருபதுக்கு மட்டும் முதலில் செய்தோம்.

"இந்தச் செயலியில் கேளுங்கள்" என்ற பொத்தான்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள். கூகுள் பாட்காஸ்ட் 2024இல் மூடப்பட்டுவிட்டது. இன்னும் பல தளங்களில் அந்தப் பொத்தான் நிற்கிறது. எங்கள் தளத்திலும் நின்றது.

7. தேடல் பெட்டி

வேர்டுபிரஸின் இயல்பான தேடல், தலைப்பையும் கட்டுரைப் பகுதியையும் அதன் சுருக்கத்தையும்தான் பார்க்கும். நீங்கள் பாடுபட்டு நிரப்பிய பேச்சாளர், நினைவுச் சொற்கள் முதலிய தனிப் புலங்களைப் பார்க்காது. அவற்றையும் தேடும் செருகியை (கூடுதல் வசதி தரும் துணை மென்பொருளை) நிறுவுங்கள், அல்லது அந்தச் சொற்களைப் பக்கத்தின் அடியில் ஒரு வரியாக அச்சிட்டுவிடுங்கள். நிலையான பக்கங்களாகக் கட்டப்பட்ட தளமென்றால் பேஜ்ஃபைண்டு, லூனர் போன்ற இலவசத் தேடல்கள் உண்டு.

தமிழில் வேற்றுமை உருபு ஒட்டிக்கொள்வதால் "மதுரை" என்று தேடுபவருக்கு "மதுரையில்" கிடைக்கும், ஆனால் "மதுரையில்" என்று தேடுபவருக்கு "மதுரை" கிடைக்காது. "மரம்" என்று தேடினால் "மரத்தில்" கிடைக்காது. நினைவுச் சொற்களை எப்போதும் உருபில்லாமல் எழுதுவது பாதிச் சிக்கலைத் தீர்த்துவிடும்.

எங்கள் தளத்தில் பாதிக்கு மேல் தேடியவர்கள் தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் தட்டினார்கள். ஒரே சொல்லுக்கு மூன்று எழுத்துக்கூட்டல்கள் வரும். தாளில் அதற்கென ஒரு பத்தி வைக்கச் சொன்னது இதனால்தான்.

தேடப்படும் சொற்களைச் சேமித்து வையுங்கள், தேடியவர் யார் என்பது வேண்டாம். ஒன்றும் கிடைக்காமல் போன தேடல்களை வாரம் ஒருமுறை படியுங்கள். அதில் வரும் சொற்களைத் தாளில் சேர்த்துக்கொண்டே போனால் மூன்று மாதத்தில் பட்டியல் வெகுவாகக் குறையும். ஒன்றும் கிடைக்காதபோது வெறும் பக்கத்தைக் காட்டாமல் பதினான்கு பொருள்களையும், "எங்களிடம் கேளுங்கள்" என்று ஒரு தொடர்பு வழியையும் காட்டுங்கள்.

8. கண் பார்வையற்றவரும் முதியவரும்

ஒலித் தளத்துக்குக் கண் பார்வையற்றோர் நிறைய வருவார்கள். அவர்களுக்குப் பூட்டிய கதவாக அது இருப்பது பெரும் அநியாயம். பக்கத்தின் மொழி ஆங்கிலம் என்று நிரலில் குறித்திருந்தால், திரையில் உள்ளதை உரக்கப் படிக்கும் மென்பொருளான திரைபடிப்பான் தமிழை ஆங்கிலக் குரலில் உளறும் அல்லது தாண்டிப் போய்விடும். அதைத் தமிழ் என்று மாற்றுவது ஒரே ஒரு சொல் வேலை. என்விடிஏ என்ற இலவசத் திரைபடிப்பானை நிறுவி, திரையை அணைத்துவிட்டு ஓர் எபிசோடைக் கண்டுபிடித்து ஒலிக்கச் செய்து பாருங்கள். எங்கள் ஒலிப்பொத்தானுக்குப் பெயரே இல்லாததால் அது "பொத்தான், பொத்தான், பொத்தான்" என்று மட்டும் சொன்னது.

பொத்தானின் அளவுக்கு, எல்லோரும் பயன்படுத்தும்படி இணையப் பக்கங்களை அமைப்பதற்கான டபிள்யூசிஏஜி 2.2 விதி குறைந்தது 24 பிக்சல் கேட்கிறது. நடுங்கும் விரல்களுக்கு 44 வையுங்கள். எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளி வேறுபாடு 4.5க்கு 1 என்ற அளவுக்குக் குறையக் கூடாது. வெளிர் சாம்பல் எழுத்தை விட்டுவிடுங்கள்.

9. ஓடையை உடைக்காமல் மாற்றுங்கள்

இங்கே தவறினால் ஆண்டுக்கணக்கில் சேர்த்த கேட்பவர்களை இழந்துவிடுவீர்கள். நிதானமாகப் படியுங்கள்.

ஓடையில் ஒவ்வோர் எபிசோடுக்கும் ஜியூஐடி என்ற அடையாளம் உண்டு. தலைப்பு மாறலாம், கோப்பின் முகவரி மாறலாம், அது மட்டும் மாறக் கூடாது. மாறினால் செயலிகள் எல்லா எபிசோடையும் புதியதாக எண்ணி மறுபடி காட்டும். புதிய தளத்துக்கு மாறும்போது இந்த அடையாளம் தானாகவே புதிதாக உருவாகிவிடும் ஆபத்து அதிகம். தாளின் முதல் பத்தியாக அதை வைக்கச் சொன்ன காரணம் இதுதான்.

வேர்டுபிரஸில் வாசிப்பு (Reading) அமைப்புகளில், ஓடையில் காட்டும் பதிவுகளின் எண்ணிக்கை 10 என்று இருக்கும். கவனிக்காவிட்டால் உங்கள் நானூறில் பத்தைத் தவிர மற்றவை செயலிகளிலிருந்து மறைந்துபோகலாம். பாட்காஸ்ட் செருகி பயன்படுத்தினால் அதற்கென்று தனி எண்ணிக்கை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஓடையின் முகவரி மாறுகிறதென்றால், பழையதிலிருந்து 301 திருப்பிவிடல், புதிய ஓடைக்குள் புதிய முகவரியைச் சொல்லும் குறி, இரண்டும் வேண்டும். குறைந்தது நான்கு வாரம் வைத்திருக்கச் சொல்கிறது ஆப்பிள். நான் எடுக்கவே வேண்டாம் என்பேன். ஆப்பிள், ஸ்பாட்டிஃபை கணக்குகளிலும் நுழைந்து புதிய முகவரியை நீங்களே பதியுங்கள். அட்டைப்படம் சதுரமாக, 1400 முதல் 3000 பிக்சலுக்குள் இருக்கட்டும்.

10. செலவும் காலமும்

கணக்கு எளிது. பேச்சுக்கு நொடிக்கு 64 கிலோபிட் (கேபிபிஎஸ்) அளவில் ஒற்றைத் தட (மோனோ) ஒலி போதும். ஒரு மணி நேரம் 29 எம்பிக்குள் அடங்கும். எங்கள் 412 எபிசோட்கள் சராசரி 40 நிமிடம், மொத்தம் ஏறத்தாழ 8 ஜிபி. அதுவே 128 கேபிபிஎஸில் என்றால் 16 ஜிபி ஆகியிருக்கும். சுருக்கிய பிறகு அசலை அழித்துவிடாதீர்கள்.

கிளவுட்ஃபிளேர் ஆர்2 என்ற இணையச் சேமிப்பில் மாதம் 10 ஜிபி வரை கட்டணம் இல்லை, கேட்பவர்கள் இறக்கிக்கொள்வதற்கும் கட்டணம் இல்லை. பதிவுசெய்ய அட்டை எண் கேட்பார்கள். இந்திய வங்கி அட்டைகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை பெரும்பாலும் அணைக்கப்பட்டிருக்கும். வங்கிச் செயலியில் அதைத் திறந்துகொண்டு தொடங்குங்கள். இன்டர்நெட் ஆர்க்கைவ் இலவசம், பொதுநோக்கத் தொகுப்புகளுக்கு நல்ல இடம். ஆனால் 2024 அக்டோபரில் தாக்குதலுக்கு ஆளாகி அது பல நாட்கள் முடங்கிக் கிடந்தது. ஒரே இடத்தை நம்பி இருக்காதீர்கள். கிட்ஹப் பேஜஸில் தளத்தை வைக்கலாம், ஒலியை வைக்காதீர்கள். தளத்தின் மொத்த அளவு 1 ஜிபிக்கு மேல் போகக் கூடாது என்பது அங்கே விதி. "வரம்பில்லா இடம்" என்று விளம்பரம் செய்யும் மலிவான ஹோஸ்டிங்கில் விதிமுறைப் பக்கத்தைக் கடைசி வரி வரை படியுங்கள். ஒலிக்கோப்புக் கிடங்காகப் பயன்படுத்தக் கூடாது என்ற வரி பலவற்றில் இருக்கும். எங்கள் கணக்கை அந்த வரியைக் காட்டித்தான் ஒருமுறை நிறுத்திவைத்தார்கள்.

எங்களுக்கு ஆன பணம்: டொமைனுக்கு ஆண்டுக்கு ஆயிரத்துச் சொச்சம், தளத்தின் ஹோஸ்டிங்குக்கு மூவாயிரத்துக்குள், நிரல் வேலைக்கு ஒரு கல்லூரி மாணவருக்கு எட்டாயிரம். ஒலிக்கான சேமிப்புக்கு ஒன்றுமில்லை.

இரண்டு மாதம் என்று வைத்துக்கொண்டால், ஆவணங்களுக்கு ஒரு வாரம், தாளுக்கு ஐந்து வாரம், மெனுவும் பக்கமும் தேடலும் சேர்த்து இரண்டு வாரம், மாற்றத்துக்கு ஒரு வாரம். ஆவண வாரத்திலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த ஐவரை உட்கார வைத்துவிடுங்கள். மாற்றி முடித்ததும் அதே ஐவரை மறுபடி அழையுங்கள்.

மாற்றும் நாளாகப் புதிய எபிசோட் வெளியாகாத வாரத்தின் செவ்வாயையோ புதனையோ தேர்ந்தெடுங்கள். வெள்ளி மாலை மாற்றினால், பிழை வரும்போது உதவிக்கு ஆள் கிடைக்காது. மாற்றிய ஒரு மணி நேரத்துக்குள் ஓடையைத் திறந்து எபிசோட்களை எண்ணுங்கள். பழைய முகவரிகளில் இருபதைத் தாளிலிருந்து எடுத்து அழுத்திப் பாருங்கள். ஆண்ட்ராய்டு ஒன்று, ஐபோன் ஒன்று, இரண்டிலும் ஓர் எபிசோடை நடுவில் தாவிக் கேளுங்கள். மறுநாள் காலை செயலிகளில் எபிசோட் இரட்டித்திருக்கிறதா என்று பாருங்கள். இரட்டித்திருந்தால் ஜியூஐடி மாறிவிட்டது என்று பொருள். பழைய ஓடையின் நகலிலிருந்து அவற்றை எடுத்து அன்றே திருத்திவிடுங்கள். அந்த நகலை மாற்றுவதற்கு முந்தைய இரவே எடுத்துவைத்திருக்க வேண்டும்.